பற்றவைத்ததைப் பிரித்தல்

என் மேசையில் இருக்கும் பழைய ஸ்டீரியோ ரிசீவரின் எடை 13 கிலோவுக்கு மேல். 1974-ல் அமெரிக்க அரசு போட்ட ஒரு விதிக்கும் இந்தக் கனத்துக்கும் சம்பந்தம் உண்டு என்று சொன்னால் வீட்டில் யாரும் நம்புவதில்லை. "பாட்டுக் கேட்கிற பெட்டிக்கு எதுக்குப்பா சட்டம்?" என்பார் அப்பா. அந்த விதியைப் பற்றியும், அதன் கீழ் பிறந்த இயந்திரங்களைப் பற்றியும், அவற்றை இன்று வீட்டில் உட்கார்ந்து சீர்செய்ய உதவும் ஒரு சின்னக் கருவியைப் பற்றியும்தான் இந்தக் கட்டுரை. கருவியின் பெயர் டீசால்டரிங் பம்ப். ரிச்சி தெருவில் 'சக்கர்' என்று கேட்டால் போதும். பற்றவைத்த ஈயத்தை உருக்கி உறிஞ்சி எடுப்பது அதன் வேலை.

முதலில் ரிசீவர் என்றால் என்ன? வானொலி அலையைப் பிடிக்கும் டியூனர், ஒலியைச் சீராக்கும் பிரீ-ஆம்ப்ளிஃபையர், ஸ்பீக்கரை ஓட்டும் பவர் ஆம்ப்ளிஃபையர், இந்த மூன்றும் ஒரே பெட்டிக்குள் இருந்தால் அது ரிசீவர். 1950களின் தொடக்கத்தில் நல்ல ஒலி வேண்டுமென்றால் மூன்றையும் தனித்தனியாக வாங்கி ஒயர் போட்டுக்கொள்ள வேண்டும். பணமும் பொழுதும் உள்ளவர்களின் விளையாட்டு அது. 1953-ல் சிட்னி ஹார்மனும் பெர்னார்ட் கார்டனும் சேர்ந்து ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். மூன்றையும் ஒன்றாக்கிப் பொறியியல் தெரியாதவர் வீட்டுக்குள்ளும் கொண்டுபோய் வைத்ததில் அவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. 1958-ல் வந்த அவர்களுடைய 'ஃபெஸ்டிவல் டிஏ230'தான் முதல் ஸ்டீரியோ ரிசீவர் என்று வழக்கமாகச் சொல்வார்கள்.

ஆனால் அப்போது எஃப்எம்மில் ஸ்டீரியோவுக்குப் பொதுவான முறையே கிடையாது. எஃப்எம் முறையைக் கண்டுபிடித்த எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங் பல வருடம் காப்புரிமை வழக்குகளில் அலைக்கழிந்து 1954-ல் உயிரை மாய்த்துக்கொண்டார். ஏழு வருடம் கழித்து, 1961-ல், அமெரிக்க ஒலிபரப்பு ஆணையம் ஸ்டீரியோ எஃப்எம்முக்கு ஒரு முறையை அங்கீகரித்தது. அந்த முறை ரொம்ப அழகானது. இடது, வலது இரண்டு ஒலிகளையும் கூட்டி வழக்கம்போல அனுப்புகிறார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 38 கிலோஹெர்ட்ஸ் மேலே ஏற்றி ஒளித்து அனுப்புகிறார்கள். கூடவே 19 கிலோஹெர்ட்ஸில் ஒரு மெல்லிய அடையாள ஒலி. பழைய மோனோ ரேடியோ கூட்டலை மட்டும் எடுத்துக்கொண்டு ஒன்றும் நடக்காததுபோலப் பாடும். ஸ்டீரியோ ரிசீவர் அந்த அடையாளத்தைப் பிடித்து இடது வலதைப் பிரித்தெடுக்கும். பிடித்த நொடியில் முகப்பில் 'ஸ்டீரியோ' என்று ஒரு சின்ன விளக்கு எரியும். யாருடைய பழைய ரேடியோவையும் குப்பைக்கு அனுப்பாமல் வந்த தொழில்நுட்பம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

வாட் யுத்தம்

1960களில் வால்வு போய் டிரான்சிஸ்டர் வந்தது. நியூயார்க்கில் தன் வீட்டில் ஆம்ப்ளிஃபையர் செய்யத் தொடங்கிய சால் மராண்ட்ஸ், 1964-ல் தன் நிறுவனத்தை சூப்பர்ஸ்கோப் என்ற நிறுவனத்துக்கு விற்றார். நீல ஒளி டயல் கொண்ட மராண்ட்ஸ் ரிசீவர்கள் பிறகு ஜப்பானில் உருவாகிப் பசிபிக்கைக் கடந்து வந்தன. அதே நேரம் ஜப்பானிய நிறுவனங்கள் தங்கள் சொந்தப் பெயரிலேயே களம் இறங்கின. பயனியர், கென்வுட், சான்சுய். இதில் சான்சுய் டிரான்ஸ்ஃபார்மர் செய்யும் கம்பெனியாகத் தொடங்கியது. பெயருக்கு மலையும் நீரும் என்று பொருள். அவர்கள் பெட்டியைத் தூக்கினால் மலை மட்டும்தான் தெரியும்.

இந்தப் பெட்டிகளை உலகெங்கும் பரப்பியதில் ஒரு போருக்கும் பங்கு உண்டு. வியட்நாமிலும் ஒகினாவாவிலும் இருந்த அமெரிக்கச் சிப்பாய்கள் ராணுவக் கடைகளில் வரியில்லாத விலைக்கு ஜப்பானிய ஸ்டீரியோக்களை வாங்கினார்கள். ஊர் திரும்பும்போது கூடவே வந்தது ரிசீவர். எந்த நாட்டில் இறங்கினாலும் ஓட வேண்டும் என்பதற்காக இத்தகைய பெட்டிகளின் முதுகில் வோல்டேஜ் மாற்றும் திருகு இருக்கும்.

போட்டி முற்றியபோது விளம்பரங்களில் வாட் கணக்கு வானத்துக்குப் போனது. ஒரே ஒரு கணம் மட்டும் தரக்கூடிய உச்சத்தை அளந்து, இரண்டு பக்கத்தையும் கூட்டி, 'பீக் மியூசிக் பவர்' என்று போடுவார்கள். உண்மையில் 20 வாட் தருவது 100 வாட் ஆகிவிடும். இன்றைக்கும் சாலையோரக் கடையில் கைக்கடக்கமான ஸ்பீக்கர் மேல் ஆயிரம் வாட் ஸ்டிக்கர் பார்க்கிறோமே, அதே கதைதான்.

இங்கேதான் 1974 விதி வருகிறது. அமெரிக்க வணிக ஆணையம் சொன்னது: வாட் கணக்கு போடுகிறாயா, போடு. எல்லாச் சேனலும் சேர்ந்து ஓடும்போது, எந்த அலைவரிசை எல்லைக்குள், எவ்வளவு சிதைவோடு, தொடர்ந்து எவ்வளவு தரும் என்று சொல். அதற்கு முன்னால் ஒரு மணி நேரம் மூன்றில் ஒரு பங்கு பவரில் ஓட்டிக் காட்டு. கேட்பதற்கு எளிதான நிபந்தனை. ஆனால் இந்த வகை ஆம்ப்ளிஃபையர் முழு பவரில் ஓடும்போதைவிட, மூன்றில் ஒரு பங்கு அளவில்தான் டிரான்சிஸ்டர்களில் அதிகச் சூட்டைக் கொட்டும். ஒரு மணி நேரம் அதைத் தாங்க வேண்டுமென்றால் பெரிய ஹீட் சிங்க் வேண்டும், தடித்த டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். பொய் சொல்ல முடியாதபோது எடை கூடியது.

கூடியது என்றால் சும்மா இல்லை. 1976-ல் பயனியர் எஸ்எக்ஸ்-1250, ஒரு பக்கத்துக்கு 160 வாட். இரண்டே வருடத்தில் எஸ்எக்ஸ்-1980, ஒரு பக்கத்துக்கு 270 வாட், எடை சுமார் 35 கிலோ. எந்த வீட்டுக்கும் இவ்வளவு பவர் தேவையில்லை. ஆனால் அந்தச் சில வருடங்களில் அலுமினிய முகப்பும் மரப் பெட்டியும் கனத்த சக்கரம்போலச் சுழலும் டியூனிங் குமிழும் கொண்டு செய்யப்பட்ட பொருள்கள் போல வீட்டுக்கான ஒலிக்கருவிகள் அதற்குப் பிறகு அந்த விலையில் வரவில்லை.

முடிவும் வேகமாக வந்தது. 1971 வரை ஒரு டாலருக்கு 360 யென் என்று கட்டிவைத்திருந்த மதிப்பு அவிழ்ந்து, 1978 அக்டோபரில் 180-க்கும் கீழே போனது. ஜப்பானில் செய்து அமெரிக்காவில் விற்பவனுக்கு இரும்பும் செம்பும் கட்டுப்படியாகவில்லை. 1982-ல் சிடி வந்தது. பெட்டிகள் மெலிந்தன, கறுத்தன, பிளாஸ்டிக் ஆயின.

நம் ஊரில் இந்தக் கதையின் நிழல்தான் விழுந்தது. இந்தியாவின் முதல் எஃப்எம் ஒலிபரப்பு 1977 ஜூலை 23 அன்று சென்னையில்தான் தொடங்கியது. வாட் யுத்தத்தின் உச்சம் அது. ஆனால் இறக்குமதிக் கட்டுப்பாடுகளால் இந்தப் பெட்டிகள் கடையில் கிடைக்காது. கப்பல்காரர்களும் வளைகுடா போனவர்களும் சுமந்து வந்தால்தான் உண்டு. என்னுடையதும் அப்படி வந்ததுதான். கப்பலில் வேலை பார்த்த ஒருவர் 1970களின் கடைசியில் யோகோஹாமாவில் வாங்கிய, ஒரு பக்கத்துக்கு 40 வாட் தரும் ரிசீவர். ஏற்றுமதி மாடல் என்பதால் தப்பித்தேன். ஜப்பானின் உள்நாட்டு எஃப்எம் அப்போது 76-லிருந்து 90 மெகாஹெர்ட்ஸ் வரைதான். அந்த மாடலாக இருந்தால் சென்னையின் பெரும்பாலான நிலையங்கள் டயலுக்கு வெளியே நிற்கும்.

ஒரு புள்ளி ஈயம்

இப்போது பெட்டியைக் கவிழ்த்து அடித்தகட்டைக் கழற்றுவோம். பழுப்பு நிற போர்டுகள், அவற்றில் நூற்றுக்கணக்கான வெள்ளிப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு பற்றவைப்பு.

அச்சிட்ட மின்சுற்றுக்கு முன்னோடி பால் ஐஸ்லர். வியன்னாவிலிருந்து லண்டனுக்கு வந்த அவர் 1943-ல் அதற்குக் காப்புரிமை கேட்டார். போருக்குப் பின், அமெரிக்க ராணுவத்தின் சிக்னல் கோர் பொறியாளர்கள் போர்டில் துளைகள் போட்டு, பாகங்களின் கால்களை அதில் நுழைத்து, மொத்தத்தையும் உருகிய ஈயத்தில் முக்கி எடுக்கும் முறையை உருவாக்கினார்கள். அடுத்து அது அலையாக வளர்ந்தது. தொட்டியில் ஈயம் அலையாக எழ, போர்டு அதன் முகட்டை உரசிக்கொண்டு போகும். சில நொடிகளில் நூற்றுக்கணக்கான இணைப்புகள். அதுவரை ஒவ்வொன்றாகக் கையால் செய்த வேலை.

சேர்ப்பதற்கு நொடிகள் போதும். பிரிப்பதற்கு மட்டும் அலை கிடையாது, ஒவ்வொன்றாகத்தான்.

ஈயப் பற்றவைப்பு பசை இல்லை. கலவையில் உள்ள வெள்ளீயம் செம்போடு வினைபுரிந்து நடுவில் ஒரு புதிய உலோகச் சேர்மப் படலத்தை உண்டாக்குகிறது. அது உறுதியான பிணைப்பு. ஆனால் அந்தச் செம்புத் தகடு போர்டோடு பிணைந்திருப்பது வெறும் பசையால். 1970களின் வீட்டு ரிசீவர்களில் போர்டு பெரும்பாலும் ஃபினாலிக் பிசின் ஊறிய காகிதம். ஐம்பது வருடச் சூட்டில் அது மொறமொறத்துப் போயிருக்கும். 63-க்கு 37 விகித வெள்ளீய-ஈயக் கலவை 183 டிகிரி செல்சியஸில் உருகும். நம் அயர்ன் 330, 350-ல் இருக்கும். இரண்டு மூன்று நொடி தாண்டினால் ஈயம் மட்டும் உருகாது, அடியில் பசையும் விட்டுவிடும். செம்பு வட்டம் தோல் உரிந்ததுபோல எழும்பி வரும். அதற்குப் பெயர் 'பேட் லிஃப்ட்'. பழைய ரிசீவர் செப்பனிடுகிறவர்களுடைய எல்லாப் பயமும் இந்த இரண்டு வார்த்தையில் அடங்கும்.

ஆக, டீசால்டரிங் கருவியைத் தேர்ந்தெடுப்பது என்றால், அந்த மூன்று நொடியை எப்படிச் செலவழிப்பது என்று தேர்ந்தெடுப்பதுதான்.

உறிஞ்சும் வகைகள்

ஆதியில் கருவியே இல்லை. ஈயத்தை உருக்கி போர்டை மேசையில் ஒரு தட்டு தட்டினால் துளிகள் தெறித்து விழும். இப்போதும் சிலர் செய்கிறார்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு செய்தால்கூட அது நல்ல யோசனை இல்லை.

அடுத்தது விக். பின்னிய செம்பு நாடா, ரோசின் ஃப்ளக்ஸ் தடவியது. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல ஈயத்தை இழுக்கும். புள்ளிமேல் வைத்து அயர்னால் அழுத்த வேண்டும், இழுத்துத் தேய்க்கக் கூடாது. தேய்த்தால் செம்பு வட்டமும் கூட வரும். நிறைந்த நுனியை வெட்டிவிட வேண்டும், இல்லையென்றால் அது சூட்டைத் தின்றுகொண்டே இருக்கும். போர்டின் மேற்பரப்பைச் சுத்தமாக்க விக்தான் ராஜா. துளைக்குள் இருப்பதை எடுப்பதில் கொஞ்சம் சோம்பேறி.

மூன்றாவதுதான் நம் சக்கர். ஸ்பிரிங், பிஸ்டன், டெஃப்லான் மூக்கு. அமுக்கி வைத்து, ஈயம் உருகியதும் பட்டனைத் தட்டினால் 'டப்' என்று உள்ளே போய்விடும். கலிபோர்னியாவின் எட்சின் நிறுவனத்தின் 'சால்டபுல்ட்' இந்த இனத்தின் புகழ்பெற்ற மூத்தது. இதன் ஒரே குறை உதைப்பு. பெரிய பம்ப் விடுபடும்போது மூக்கு துள்ளிக் குதித்து மெலிந்த செம்பைக் கீறும். ஜப்பானின் 'எஞ்சினியர்' நிறுவனம் எஸ்எஸ்-02 என்ற சின்னப் பம்பில் மூக்குக்குப் பதிலாக மெத்தென்ற சிலிக்கான் குழாயை வைத்தது. அயர்ன் நுனியையே சுற்றி மூடிக்கொள்ளும், காற்று வீணாகாது, கீறலும் இல்லை. எந்தச் சக்கருக்கும் நுனியில் ஒரு துண்டு சிலிக்கான் டியூப் மாட்டிப் பாருங்கள், பாதிப் பலன் அங்கேயே கிடைக்கும்.

நான்காவது மின்சாரத் துப்பாக்கி. சூடான துளை மூக்கும் வெற்றிட மோட்டாரும் ஒரே கையில். ஒசாகாவின் ஹக்கோ நிறுவனத்தின் 808, எஃப்ஆர்-300, எஃப்ஆர்-301 என்று இந்த வரிசை வளர்ந்திருக்கிறது. பாகத்தின் காலை மூக்குக்குள் விட்டு, மெல்லச் சுழற்றி, கால் தளர்ந்து ஆடியதும் விசையை அழுத்த வேண்டும். ஈயம் போன பிறகும் இரண்டு நொடி காற்று இழுத்தபடி காலை அசைத்துக்கொண்டே இருந்தால் அது ஓரத்தில் மறுபடி ஒட்டாது. ஒரு காலுக்கு இரண்டு மூன்று நொடி. விலை ஒரு நடுத்தர ஸ்மார்ட்போன் அளவு. குழாயையும் ஃபில்டரையும் அடிக்கடி சுத்தம் பண்ண வேண்டும், அடைத்துக்கொண்டால் அது வெறும் சூடான இரும்பு.

எது வாங்குவது என்று ரிச்சி தெருவில் ஒரு கடைக்காரரிடம் கேட்டேன்.

"அண்ணே, கன் எடுக்கலாமா, இல்ல சக்கரே போதுமா?"

"எத்தனை கால் கழட்டணும் தம்பி?"

"ஒரு 130 இருக்கும்."

"ஒரு செட்டுக்கா? சக்கரும் விக்கும் எடுத்துக்க. வருஷத்துக்கு நாலு செட்டு பண்றேன்னா கன்னு. அதுக்கு முன்னாடி ஒரு செத்த டிவி போர்டு தரேன், அம்பது கால் கழட்டிப் பழகிட்டு அப்புறம் பெட்டியைத் தொறக்கலாம்."

அந்த டிவி போர்டுக்கு அவர் காசு வாங்கவில்லை. கருவியைவிட அதில்தான் நான் அதிகம் கற்றேன். முதல் பாடம்: பழைய ஈயத்தை எடுப்பதற்கு முன்னால் அதில் கொஞ்சம் புது ஈயம் சேர்க்க வேண்டும். எடுக்கத்தானே போகிறோம், எதற்குச் சேர்ப்பது என்று தோன்றும். ஐம்பது வருட ஈயத்தின் மேல் ஆக்சைடு படலம் இருக்கும், சூடு உள்ளே இறங்காது. புது ஈயத்தோடு வரும் ஃப்ளக்ஸ் அந்தப் படலத்தை உடைக்கும். எல்லாம் ஒன்றாக உருகும், ஒன்றாக வரும்.

வீட்டில் செய்வதால் ஒரு எச்சரிக்கை. எழும் புகை பெரும்பாலும் ரோசினுடையது, மூச்சுக்கு ஆகாது. ஜன்னல் பக்கம் உட்கார்ந்து ஒரு சின்ன ஃபேன் வைத்துக்கொள்ளுங்கள். ஈயம் கையிலும் தூசியிலும்தான் ஆபத்து. சக்கரைத் திறந்து கொட்டும்போது பறக்கும் தூளை சாப்பாட்டு மேசைக்கும் குழந்தைகளுக்கும் பக்கத்தில் விடக் கூடாது. முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். பெரிய கெப்பாசிட்டர்கள் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்சாரத்தைப் பிடித்துவைத்திருக்கும். ஸ்குரூடிரைவரால் ஷார்ட் அடிக்காமல் ஒரு ரெசிஸ்டர் வழியாக இறக்கி, மீட்டரில் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும்.

எவ்வளவு பிரிப்பது

கருவி கையில் வந்ததும் எல்லாவற்றையும் மாற்றிவிடத் தோன்றும். எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டருக்குள் இருக்கும் திரவம் காலப்போக்கில் உலர்கிறது என்பது உண்மை. அதனால் மொத்தத்தையும் ஒரே மூச்சில் மாற்றுவது இப்போது ஒரு சடங்குபோல ஆகிவிட்டது. என் பெட்டியில் 64 எலக்ட்ரோலிடிக்குகள், 128 கால்கள். மாற்றினால் 128 முறை அந்த மூன்று நொடிப் பந்தயம் ஓட வேண்டும். ஒவ்வொரு பிரிப்பும் போர்டின் ஆயுளில் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறது. நல்ல பாகத்தைக் கழற்றினாலும் அதே விலைதான்.

அதனால் நான் வேறு வரிசை வைத்துக்கொண்டேன். முதலில் சீரிஸ் பல்பு. வீட்டு மின்சாரத்துக்கும் பெட்டிக்கும் நடுவில் ஒரு 60 வாட் குண்டு பல்பு. பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட். ஒருமுறை மின்னி மங்கினால் பிழைத்தோம். இரண்டாவது, குமிழ்களும் சுவிட்சுகளும். கரகரப்பில் பெரும்பங்கு அழுக்குதான், கான்டாக்ட் கிளீனரில் போய்விடும், ஈயத்தைத் தொடவே வேண்டாம். மூன்றாவது, மீட்டர். பவர் சப்ளையின் வோல்டேஜ், ஸ்பீக்கர் முனையில் டிசி, பயாஸ், எல்லாவற்றையும் சர்வீஸ் மேனுவலில் உள்ள எண்ணோடு ஒப்பிட வேண்டும். எண் விலகும் இடத்தில் மட்டும் அயர்ன். பவர் சப்ளை போர்டு, காலெல்லாம் கறுத்த சில டிரான்சிஸ்டர்கள், பழுப்பேறிய பசை அரித்த இரண்டு ரெசிஸ்டர், சிக்னல் பாதையில் சில கெப்பாசிட்டர். 128 கால்கள் 46 ஆயின. கடைக்காரரிடம் சொன்ன கணக்கில் மூன்றில் ஒரு பங்கு.

இந்த வேலை சாத்தியமானதே அந்த மேனுவலால்தான். 1970களில் இந்த நிறுவனங்கள் முழுச் சுற்றுப்படமும், செம்புப் பக்கத்தின் வரைபடமும், ஒவ்வொரு முனையிலும் இருக்க வேண்டிய வோல்டேஜும் அச்சிட்டு மெக்கானிக்குகளுக்குக் கொடுத்தன. பல பெட்டிகளில் போர்டுக்கும் போர்டுக்கும் நடுவே உள்ள ஒயர்களைப் பற்றவைக்காமல் கம்பத்தில் இறுக்கிச் சுற்றியே விட்டிருக்கிறார்கள். என்றாவது ஒருநாள் யாரோ பிரிப்பார்கள் என்று தெரிந்தே செய்த பொருள்கள். எந்த மோனோ ரேடியோவையும் சாகவிடாத 1961 ஸ்டீரியோ முறையைப் போலத்தான் இதுவும். புதியது வந்தாலும் பழையது நடமாட இடம் விட்டார்கள்.

பிறகு அந்த இடம் சுருங்கியது. பாகங்கள் துளையை விட்டு மேற்பரப்புக்கு வந்தன, அரிசி மணியைவிடச் சின்னவையாயின. 2006 ஜூலையில் ஐரோப்பா மின்னணுப் பொருள்களில் ஈயத்துக்குத் தடை போட்டது. ஆரோக்கியத்துக்கு நல்ல முடிவுதான், ஆனால் புதிய கலவைகள் 217 டிகிரிக்கு மேல்தான் உருகும். சுற்றுப்படம் ரகசியமானது. இன்று என் போனை நான் பிரித்தால் உத்தரவாதம் போகும், பெரும்பாலும் போனும் போகும். பழைய ரிசீவர்கள்மேல் என் வயதுக்காரர்களுக்கு வரும் ஆசையை ஏக்கம் என்று கேலி செய்கிறவர்கள் உண்டு. நாங்கள் பிறக்கும் முன்பே முடிந்துபோன காலத்துக்கு எங்களுக்கு என்ன ஏக்கம்? சொந்தமாக வாங்கிய ஒரு பொருளைத் திறந்து, புரிந்துகொண்டு, திரும்ப மூட முடியும் என்பதைத்தான் இந்தப் பெட்டியில் முதல்முறையாகப் பார்க்கிறோம்.

என் ரிசீவரைத் திறந்தபோது உள்தகட்டில் பென்சிலால் ஒரு தேதி இருந்தது: 12-3-88. எனக்கு முன் யாரோ ஒரு மெக்கானிக். அவர் மாற்றிய ஒரு கெப்பாசிட்டர் இன்னும் நன்றாகவே இருக்கிறது, செம்பு வட்டமும் எழும்பவில்லை. நிதானமாகக் கழற்றியிருக்கிறார். மூடும்போது நானும் அதன் பக்கத்தில் தேதி எழுதினேன். மாற்றிய பாகங்கள், அவற்றின் மதிப்பு, கடைசியாக அளந்த வோல்டேஜ் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்தில், சூடு படாத இடத்தில் ஒட்டினேன். புது கெப்பாசிட்டர்களும் ஒருநாள் உலரும். அப்போது திறக்கிறவருக்கு எந்தக் காலைத் தொட வேண்டாம் என்று தெரிய வேண்டும்.